ஆய்வுக்கு வைத்த பெயர்

மானுடவியல் எம்.ஏ.வில் கள ஆய்வுக்குப் போகும் முன் ஒரு திட்ட வரைவு எழுதித் தர வேண்டும். கூடையில் மீன் விற்கும் பெண்கள் தங்களுக்குள் தெருக்களை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்பதை நான் எடுத்துக்கொண்டேன். மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு அக்காதான் வருவார். வேறு யாரும் அங்கே கூடையை இறக்க மாட்டார்கள். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் அது. தகவல் வாசலுக்கே வருகிறது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எனக்கு ஒரே குஷி.

தகவல் தருகிறவரின் உண்மைப் பெயரை எழுதக் கூடாது என்பது முதல் விதி. பக்கத்துத் தெருவில் மீன் விற்பவளோடு நடந்த சண்டையை எல்லாம் அக்கா என்னிடம் கொட்டியிருந்தார். சொன்னது இவர்தான் என்று குப்பத்தில் தெரிந்தால் பிழைப்பில் மண் விழும்.

"உங்களுக்கு ஒரு பொய்ப் பேரு வெக்கணும்க்கா. எது வேணா சொல்லுங்க."

செதில் உரசிக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மூன்று வாரம் அந்தப் பெயரை வைத்து இங்கிலீஷில் எழுதித் தள்ளினேன். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. விடியும் முன் துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போகிறாள். மாடிப்படி ஏற முட்டி வலிக்கிறது. ஒருநாள் அக்கா, "இன்னாதான் எழுதிக்கீற, படி பாப்பா" என்றார். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"அவளுக்கு முட்டி வலி வந்துடுச்சா?" என்று அக்கா சிரித்தார். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எம் பொண்ணு பேரு அது. பத்தொம்போது வயசுல காய்ச்சல். மூணே நாளுல போயிட்டா." மூக்கைச் சிந்திவிட்டு, "இந்தக் கூடையத் தொடக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வளத்தேன். நீ தூக்க வெச்சிட்ட. பரவால்ல, அம்பது வயசு தாண்டிட்டா இல்ல?" என்றார்.

எங்கள் வீட்டில் மௌத்தாகிப்போன பெரியவர்களின் பெயரைப் பிறக்கிற பிள்ளைக்கு வைப்பது வழக்கம்தான். ஆனால் அங்கே ஒரு பிள்ளை இருக்கும். இங்கே கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிவிட்டது. அன்றைக்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்கவே பயமாக இருந்தது. என்னைவிட மூன்று வயது சின்னவளாகச் செத்துப்போனவளுக்கு நான் நரையும் முட்டி வலியும் கொடுத்திருக்கிறேன். எழுதாமல் விட்ட நாளில் அவளைப் பட்டினி போட்டது போல இருந்தது. அக்கா வேறு மீனை நிறுத்துக்கொண்டே, "இன்னிக்கு இன்னா பண்றா?" என்று கேட்பார். "ஏலத்துக்குப் போயிருக்காக்கா" என்பேன். என் அம்மா எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

மனசு தாங்காமல் என் வழிகாட்டி மேடத்திடம் உளறிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"செத்த பொண்ணோட பேரா? குப்பத்துல யார் பார்த்தாலும் அம்மா யாருன்னு சொல்லிடுவாங்களே. அவங்ககிட்ட சொல்லிட்டு மாத்திடு."

சொல்லிவிட்டு மாற்றச் சொன்னார். நான் மாற்ற மட்டும் செய்தேன். ஒரு பட்டனை அழுத்தினேன். நாற்பத்தோரு இடங்களில் அவள் போய், யாருமே இல்லாத வேறொரு பெயர் வந்து உட்கார்ந்தது. மூன்று நாள் காய்ச்சல்கூடத் தேவைப்படவில்லை. அக்காவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

வரைவுக்கு ஒப்புதல் கிடைத்த அன்று தாள்களும் கையுமாக வீட்டுக்கு வந்தேன். வாசலில் அக்கா இருந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, "அவ பேரு எது? காட்டு" என்றார்.

அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த வேற்றுப் பெயரின் மேல் வைத்தேன். மெதுவாகத் தடவினார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்டார், கொடுத்தேன். பழைய பெயரோடு ஒரு பக்கம் அச்சடித்துத் தந்திருக்கலாமே என்று தோன்றியபோது அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். இனி மாற்றித் தரவும் முடியாது, மாற்றித் தந்தால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் கள ஆய்வு தொடங்கியது. முதன்முதலாக அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே மாலை போட்ட போட்டோவில் அந்தப் பெண். என் பக்கம் லேமினேட் செய்யப்பட்டு, போட்டோவுக்கு நேர் எதிர்ச் சுவரில் தொங்கியது. யாராவது படித்துவிட்டால்?

"இங்க யாருக்குக்கா இங்கிலீஷ் தெரியும்?"

"எங்களுக்கு இன்னா தெரியும்? இந்த வூட்லயே அவ ஒருத்திதான் இங்கிலீஷ் படிச்சவ" என்றார் அக்கா. "அவ பாத்துப் படிக்கட்டும்னுதான் எதுத்தாப்புல மாட்டிக்கீறேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லு பாப்பா, மறைக்குது."