நாலு மணிக்கு மேல் தண்ணீர்

ரோஷன் பீ சிஸ்டருக்கு வாய்த்துடுக்கு என்று செஞ்சியில் பாதிப்பேர் சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்தாறு வருடமாக வயதானவர்களின் நாக்கைப் பார்த்தே வியாதி சொல்கிறவர். அவரோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் எனக்கு அந்த வாய்மீது ஒரு குறையும் இல்லை.

போன கத்திரி வெயிலில், சிங்கவரத்துச் சேரன் தன் நைனா பாண்டுரங்கனை ஆட்டோவில் கொண்டுவந்தான். பெரியவருக்கு எழுபத்தாறு வயது. மூன்று நாளாகப் பெற்ற மகனையே யாரென்று கேட்கிறாராம். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று.

"வயசாயிடுச்சி, புத்தி கொழம்பிடுச்சி சிஸ்டர். ரெண்டு பாட்டில் குளுகோஸ் ஏத்தி வுடுங்க, இட்டுனு போயிடறோம்."

ரோஷன் பீ பெரியவரின் நெஞ்சுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. நாக்கு கருவாடாய்க் காய்ந்திருந்தது.

"தண்ணி எப்ப குடுத்தீங்க?"

"காலையில ஒரு டம்ளர். நாலு மணிக்கு மேல குடுக்கறதே இல்ல. ராத்திரியில பாயை நனைச்சிடறாரு. யாரு அலசறது?"

சொன்னவன் கையில் தண்ணீர் பாட்டில், பாதி குடித்தது. ரோஷன் பீ அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

"உனக்கு மட்டுந்தான் தாகம் எடுக்குதா? மாட்டுக்குத் தொட்டி ரொப்பறியே, பெத்தவருக்கு ஒரு சொம்பு வெச்சியா? இது புத்தி கொழம்பல. தண்ணி இல்லாம ஒடம்புல உப்பு ஏறிக் கெடக்குது. ஆளு போயிடுவாரு, தெரியுமா?"

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. உப்பை மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும், அவசரப்பட்டால் மூளை வீங்கிவிடும் என்றார் டாக்டர். சேரன் சீக்கிரம் ஏற்றச் சொல்லி மூன்று முறை வந்து நின்றான். மூன்று முறையும் சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவர் சொட்டு சொட்டாக எண்ணி விட்டார், சிறுநீரை அளந்து குறித்தார். எனக்கோ அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அலச வேண்டியது ஒரு பாய்தானே!

மூன்றாம் நாள் மாலை பெரியவருக்குக் கண் தெளிந்தது. "சேரா" என்றார். அவன் அழுதுகொண்டே டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனான். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைத் தேடினார்.

"மணி இன்னா ஆவுது? நாலு தாண்டிடுச்சாப்பா?"

மணி ஐந்தரை.

ரோஷன் பீ ஸ்டூலைப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க குடிங்க நைனா" என்றார்.