பாவுக்குள் நின்ற தம்பி

என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. யாராவது தொட்டால் உடம்பை முறுக்குவான். சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுவான். ஆட்டிசம் என்ற சொல்லை நான் கேள்விப்படப் பல வருஷங்கள் ஆயின. ஆரணியில் எங்கள் தெருக்காரர்கள் அவனை ‘ஒரு மாதிரி’ என்பார்கள். அம்மா மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள்.

காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். சேலைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டிழைகள் முழுவதையும் விறைப்பாக இழுத்து, இடுப்பளவு உயர மூங்கில் கால்கள்மேல் கிடத்தி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிவார்கள். முனைக் கயிறு முளையில் கட்டியிருக்கும். அந்த நேரத்தில் தம்பியை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே இருந்து கத்துவான். பாவு என்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை.

அன்றைக்குத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. அவன் வந்ததை யாரும் பார்க்கவில்லை. பாவுக்கு அடியில் தவழ்ந்து போனவன், நடுவில் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். ஈர இழைகள் விலகி, தலை மேலே வந்தது. கழுத்தைச் சுற்றிலும் பட்டு.

“டேய், அசையாத!” என்று சித்தப்பா கத்தினார். எதிர்வீட்டுக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். தம்பி காதைப் பொத்தக் கையைத் தூக்கினான். முழங்கை இழைகளில் மாட்டியது. தலையை ஆட்ட ஆரம்பித்தான். இழுத்துக் கட்டிய பட்டு தோலை அறுக்கும். அவன் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்ததைப் பார்த்தேன்.

அம்மா ஓடிவந்தாள். அவனைத் தொடவில்லை. தெருவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“யாரும் பேசாதீங்க. உங்க கால்ல வுழறேன்.”

பிறகு அப்பாவிடம், தணிந்த குரலில், “கயித்த அவுத்து வுடுங்க” என்றாள்.

“வாணாம் அண்ணா. கஞ்சி காயல. கீழ வுழுந்தா மொத்தமும் ஒட்டிக்கும். பாவே பூடும்” என்றார் சித்தப்பா.

அதுவும் உண்மைதான். பாவு முதலாளியுடையது. முந்தின வாரம் ஓர் இழையை அறுத்ததற்கே அப்பா என் காதைத் திருகியிருந்தார்.

அப்பா முளையிடம் போனார். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. விரலுக்கு மசியவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். பாவு தொய்ந்து, தெரு நீளத்துக்கும் மண்ணில் படிந்தது. தம்பி தலை ஆட்டுவதை நிறுத்தினான். மேலே கிடந்த இழைகளைத் தடவிப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்தான். அம்மாவும் கொஞ்சம் தள்ளி மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி பேசியதையெல்லாம் அப்பா நின்றபடியே கேட்டுவிட்டு வந்தார்.

அடுத்த பாவுக்குப் புது மூங்கில் வெட்டி வந்தார். கால்கள் அவர் மார்பு உயரம். கஞ்சி தடவி முடிக்கும்வரை கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டியிருந்தது. நான் செங்கல்மேல் ஏறி நின்று இழை முடிந்தேன்.

“இன்னாபா, ஒட்டகத்துக்கா பாவு போட்டுகினு கீற?” என்றார் எதிர்வீட்டுக்காரர். தெருவே சிரித்தது. அப்பா கஞ்சியைத் தடவிக்கொண்டே நகர்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. தம்பி பாவுக்கு அடியில், தலையில் இழை படாமல், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தான்.

இத்தனை வருஷம் நெய்தும் அப்பாவுக்குச் சரியான உயரம் தெரியவில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.