ஜெஸ்டன் இறக்கிவிட்ட ஆள்

ஜெஸ்டனைப் போல ஒரு கோழை வீரனை நான் பார்த்ததில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அப்பா வாத்தியார், அம்மா நர்ஸ். ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டுக் குழுவில் நிற்பான்; மதியம் என் ஜெராக்ஸ் கடை மாடிக்கு வந்து, நாங்கள் ஆடும் கதை ஆட்டத்தில் கழுத்தில் ஒயர் செருகிய மந்திரவாதியாகிவிடுவான்.

அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். பெங்களூர் மைத்துனன் ஒருவன் 1999இல் தடிமனான ஒரு புத்தகம் கொடுத்தான். அதில் இருப்பது இரண்டாயிரத்து அறுபதாம் வருடத்து உலகம். கம்பெனிகளுக்குச் சொந்தப் பட்டாளம் இருக்கும், மூளைக்குள் கம்ப்யூட்டர் இருக்கும், பூதமும் மந்திரமும் திரும்பி வந்திருக்கும். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் அதற்குள் ஓர் ஆளாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஒரு வீச்சுக்குப் பத்துப் பகடை வேண்டியிருந்ததால் பஜாரில் இருந்த லூடோ பெட்டிகளையெல்லாம் வாங்கிப் பிரித்தோம். நடத்துவது நான். ஆடுவது ஜெஸ்டனும், அவன் தொழிற்சாலை ஆபீசில் டைப் அடிக்கும் மக்பூல் அகமதுவும். மூவருக்கும் முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே சொல்ல வெட்கம்தான், ஆனாலும் விட முடியவில்லை.

ஆட்டத்தில் ஜெஸ்டன் எதற்கும் முன்னால் நிற்பான். கம்பெனிச் சுவரை ஏறிக் குதிப்பான், பூதத்திடம் பேரம் பேசுவான். நிஜத்தில் முதலாளி கார் ஹாரன் கேட்டாலே எழுந்து நிற்கிற ஆள்.

"இங்கன்னா தைரியமா பேசலாம்டா டைட்டஸ். அங்க பேசினா சோறு யார் போடுவா?" என்பான்.

2001 ஆகஸ்டில் அந்தத் தொழிற்சாலையில் கோவிந்தசாமி என்ற தொழிலாளி கழிவுநீர்த் தொட்டிக்குள் செத்துப்போனார். அடைப்பு எடுக்கத் தானாகவே இறங்கிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதன்பின் மூன்று வாரம் ஜெஸ்டன் மாடிப் பக்கமே வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தான், தாடியோடு. தெருவில் ஜீப் போனதற்கு எழுந்து ஜன்னலை எட்டிப் பார்த்தான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் ஒரு மடையன். அன்றைக்குப் பார்த்து ஆட்டத்தில் அவர்களை ஒரு பாதாளச் சாக்கடையின் வாயில் கொண்டுபோய் நிறுத்தினேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை, போன மாதமே எழுதி வைத்திருந்த கட்டம் அது. உள்ளே விஷ வாயு. அதைத் தாண்டினால் அவர்கள் திருட வேண்டிய பெட்டி.

"யார் எறங்கறது?" என்று கேட்டேன்.

எப்போதும் முந்திக்கொள்ளும் ஜெஸ்டன் பகடைகளைக் கைக்குள் குலுக்கிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

"கூலிக்கு வந்த ஆளு ஒருத்தன் இருக்கான்ல. அவன எறக்கறேன்," என்றான்.

கூலி ஆளுக்குக் குரல் கொடுப்பது என் வேலை. "ஐயோ, பயமா இருக்குது சார்!" என்று இழுத்தேன். மக்பூல் சிரித்தான்.

"அப்டி சொல்ல மாட்டான்," என்றான் ஜெஸ்டன். "'கயிறு குடுங்க சார்'னுதான் கேப்பான். ஸ்டோர் பூட்டியிருக்குது, அஞ்சு நிமிஷ வேலதானே, எறங்குன்னு நான் சொல்வேன்."

"சரி, எறங்கிட்டான்," என்றேன்.

"பாதி ஏணில நின்னுட்டு நாத்தம் தாங்கலன்னு சொல்வான். போன்னு சொல்வேன். இன்னும் ரெண்டு படி போவான். அப்புறம், 'இப்ப நாத்தமே இல்ல சார்'னு சொல்வான்." ஜெஸ்டன் தரையைப் பார்த்தே பேசினான். "நாத்தம் நின்னா மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அடுத்தது ஆளுதான். டிப்ளமோல படிச்சிருக்கேன். தெரிஞ்சும், இன்னும் ஒரு படி போன்னு சொன்னேன்டா."

மக்பூல் அவன் பக்கம் திரும்பினான். "கோவிந்தசாமி செத்த ரிப்போர்ட்ட அடிச்சவன் நான். 'யாரும் சொல்லாமல் தானாக இறங்கினார்.' கீழ உன் கையெழுத்து."

"ஆட்டத்துலதானே சொன்னேன்," என்றான் ஜெஸ்டன்.

"தோஸ்த், செவ்வாக்கெழம அவர் சம்சாரம் அமிர்தவள்ளி ஆபீசுக்கு வர்றாங்க, அந்தக் காயிதத்துல கைநாட்டு வெக்க. வெச்சிட்டா கேசு, நஷ்டஈடு எல்லாம் முடிஞ்சிச்சி. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. உன்னதான் படிச்சிக் காட்டச் சொல்லியிருக்காரு முதலாளி. இன்னா படிக்கப் போற?"

ஜெஸ்டன் பகடைகளைக் கீழே போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

நடுவில் ஒரு திங்கட்கிழமை முழுதாக இருந்தது. அமிர்தவள்ளியின் வீடு என் கடையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். உண்மையைச் சொல்ல நான் போகவில்லை. எனக்கு வருகிற ஜெராக்ஸ் வேலையில் பாதி அந்தத் தொழிற்சாலையுடையது. அவனைக் கோழை என்று எழுதுகிற கை இது. நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

செவ்வாய் மதியம் மக்பூல் கடைக்கு வந்து சொன்னான். ஜெஸ்டன் ஒரு எழுத்து விடாமல் அப்படியே படித்துக் காட்டினானாம். அமிர்தவள்ளி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"கடைசியா எதுனா சொன்னாரா சார்?"

"இல்லம்மா. அப்ப அங்க யாருமே இல்ல."

அவர் கைநாட்டு வைத்தார். மைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஜெஸ்டனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம்.