பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு ஒரு குப்பி

மினசோட்டாவின் அந்தச் சிற்றூரில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் ஆர்லன் ஸ்கார் பேச ஆரம்பித்தால் கத்தரிக்கோல் நின்றுவிடும். பாதி வெட்டிய தலையோடு காத்திருக்க வேண்டியதுதான். அவர் அதிகம் சொல்வது, வியட்நாம் சண்டைக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் போட்ட அந்த டிசம்பர் மாலையைத்தான்.

அப்போது அவருக்குக் கல்லூரியில் கடைசி வருடம். படிப்பு முடியும்வரை விட்டுவைப்பார்கள், பிறகு கூப்பிட்டுவிடுவார்கள். தேதிகளைச் சின்னக் குப்பிகளில் அடைத்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பிறந்த தேதி முன்னால் வந்தவன் முதலில் போக வேண்டும். பின்னால் வந்தவன் பிழைத்தான். எந்தத் தேதி எப்போது வரும் என்று அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். விடுதியில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்த பையன்கள் ஒரு வழக்கம் வைத்தார்கள்: மாட்டியவனுக்கு அங்கிருந்த ஒரே மெத்தை நாற்காலி, மற்றவர்கள் செலவில் பீர்.

நாலாவதாகவே பிப்ரவரி பதினாலு வந்தது. அறைத்தோழன் டுவைனின் பிறந்தநாள்.

"காதலர் தினத்துல பொறந்தவன்டா நான்! அரசாங்கம் என்னை இவ்வளவு லவ் பண்ணுதே!" என்று நாற்காலியில் சாய்ந்தான் டுவைன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆர்லன் பிறந்தது லீப் வருடத்து பிப்ரவரி இருபத்தொன்பதில். மற்ற வருடங்களில் வீட்டில் கேக் வெட்டுவது மார்ச் ஒன்றில்.

"உனக்குக் குப்பியே இருக்காது மாப்ள. இதுவரைக்கும் அஞ்சு பிறந்தநாள்தான் வந்திருக்கு. அஞ்சு வயசுக் குழந்தையை எவன் பட்டாளத்துல சேர்ப்பான்?" என்றான் அதே விடுதிப் பையன் வெண்டல்.

"குப்பி இல்லன்னா மார்ச் ஒண்ணுலதான்டா சேர்ப்பாங்க" என்றான் ஆர்லன். அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

நூற்றெட்டாவதாக மார்ச் ஒன்று வந்தது. அந்த எண்ணுக்கு அழைப்பு நிச்சயம். டுவைன் நகர்ந்து, அதே நாற்காலியில் பாதி இடம் கொடுத்தான்.

"வா பங்காளி. சேர்ந்தே போவோம்."

இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஊரான் காசில் குடித்தார்கள். ரேடியோ தேதிகளைப் படித்துக்கொண்டே போனது. பாதிப் பேர் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இருநூற்று எண்பத்தைந்தாவது: பிப்ரவரி இருபத்தொன்பது!

குப்பி இருந்திருக்கிறது! அந்த எண் வரைக்கும் ஆள் எடுக்க மாட்டார்கள்.

"குடிச்ச பீரைக் கக்குடா துரோகி!" என்று வெண்டல் பாய்ந்தான். எல்லாரையும்விட உரக்கக் கத்தியது டுவைன்தான். ஆர்லனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். ஆர்லனுக்கோ சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது.

"மூஞ்சியைப் பாரு. போய் அம்மாவுக்குப் போன் போடுடா" என்று தள்ளிவிட்டான் டுவைன்.

தாழ்வாரத்தில் போன். அம்மா சந்தோஷத்தில் அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டுவைனுக்கு என்னப்பா வந்துச்சு?" என்று கேட்டாள்.

பின்னாலேயே வந்து நின்றவனை ஆர்லன் திரும்பிப் பார்த்தான். டுவைனே போனைப் பிடுங்கினான்.

"நாலும்மா! எதுலயும் முதல் அஞ்சுக்குள்ள வந்ததே இல்ல, இதுல வந்துட்டேன்!"

அப்புறம் அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டே நின்றான். மாலை முழுக்கச் சிரித்தவன் போனை வைத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"என்னடா சொன்னாங்க?"

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரணுமாம்" என்றான் டுவைன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "போற வரைக்கும் வாராவாரம். திரும்பி வந்தப்புறமும்."