கட்டுக்குப் பின்னால் ஆள்

ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் காருக்கு எங்கள் ஜமுனாமரத்தூரில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றேன். வாணியம்பாடியில் இருக்கும் என் மச்சான் நம்பவில்லை. "டிரைவர் இருக்கிற பஸ்ஸே உங்க ஊருக்கு ஒழுங்கா வர்றதில்ல" என்று சிரித்தான். முதலில் நானும் அப்படித்தான் சிரித்தேன். ஆனால் அந்த வேலை நடப்பது என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் மேலே, மாடியில். அங்கே எதிர்காலம் தயாராகிறது. கீழே நான் ஆதார் கார்டுக்கு நகல் எடுத்துக் கொண்டிருக்கிறேன்.

நான் லத்தீப். இந்த மலையில் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம். சனிக்கிழமை ஆனால் பைக்கில் ஆலங்காயம் வழியாக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்புவேன். நான் சொல்ல வந்தது என் கதை இல்லை, மாடியில் வேலை செய்யும் பிரியதர்ஷினியின் கதை.

வேலை இதுதான். சாலைகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் கணினிக்கு வரும். படத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி வரைந்து லாரி, நாய், ஆள், புதர் என்று பெயர் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் இயந்திரம் சாலையைக் கற்றுக்கொள்ளுமாம். பதினோரு பேர் வரைகிறார்கள். சரியா தப்பா என்று பெங்களூரிலிருந்து மார்க் போடுவார்கள். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும். அப்படியே நீடித்தால் மூன்றாவது வாரம் லாகினை மூடிவிடுவார்கள். அதோடு வேலை போயிற்று.

பிரியதர்ஷினிக்கு இருபத்தாறு வயது. திருவண்ணாமலையில் இயற்பியல் படித்தவள். பஸ் போகாத ஊர்; ஒரு மணி நேரம் நடந்து தார் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து யார் ஏற்றிக்கொள்கிறார்களோ அவர்களோடு வருவாள். அவள் ஊர்ப் பெண்கள் பலரும் கீழே ஷூ கம்பெனிகளில் விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள். வீட்டுச் சோறு தின்றபடி மாச வேலைக்குப் போகும் பெண் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். அவள் உச்சந்தலையில் ஓரிடத்தில் மட்டும் முடி மெலிந்திருக்கும். பத்து வயதிலிருந்து கல்லூரி சேரும்வரை சாமைத்தாள், அதாவது சாமை வைக்கோல், கட்டு சுமந்த இடம் அது. அவள் அம்மா அம்மாக்கண்ணு இன்றைக்கும் சுமக்கிறாள்.

போன மாசம் மலைப்பாதைப் படங்கள் வந்தன. எங்கள் போளூர் சாலையும் அதில் இருந்தது. அந்த வாரம் பிரியதர்ஷினியின் மார்க் தொண்ணூற்றேழிலிருந்து எண்பத்தெட்டுக்கு விழுந்தது. அடுத்த வாரமும் ஏறவில்லை. மேற்பார்வை பார்க்கும் கோகுல்ராஜ் செங்கத்துக்காரர், நல்ல மனுஷன். அவரே ஒரு நாள் கத்தினார். எனக்குக் கீழே வரை கேட்டது.

"ஆளே இல்லாத எடத்துல ஆளுன்னு பொட்டி போட்டிருக்க. ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்தி நாப்பது!"

"ஆள் கீறாங்க சார். பின்னால உக்காந்துனு கீறாங்க."

"படத்துல சாமைத்தாள் கட்டுதான் தெரியுது. உனுக்கு எப்டி தெரியும்?"

"கட்டு தானா ரோட்டுக்கு நடந்து வராது சார்."

மேலே எல்லாரும் சிரித்தார்கள். மற்ற பத்துப் பேரும் அந்தக் கட்டுகளைப் புதர் என்று போட்டிருந்தார்கள். அவர்களிலும் ஐந்து பேர் மலைக்காரர்கள்தான். விதி அப்படி: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் குறி. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நூற்று நாற்பதையும் திருத்தாவிட்டால் லாகின் மூடப்படும் என்று பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது.

சாயங்காலம் கடைக்கு வந்தவளிடம் நான் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். "புதர்னே போட்டுட்டுப் போம்மா. யாரு பாக்கப் போறா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாரும் பாக்க மாட்டாங்கன்றதுதான் பாய் வம்பே. ஒரு டிரைவர் தப்பா பாத்தா ஒரு வண்டிதான் தப்பு பண்ணும். இது தப்பா கத்துக்கிச்சின்னா இத வெச்சி ஓட்ற அத்தினி வண்டியும் தப்பு பண்ணும். எதுருல லாரி வந்தா புதர் பக்கம் ஒதுங்குன்னு அதுக்கு சொல்லி வெச்சிருக்காங்க. அந்தப் புதர் எங்கம்மாவா இருந்தா?"

பிறகுதான் எனக்கு விளக்கமாகச் சொன்னாள். ஆள் உயரக் கட்டை ஒருத்தியாக இறக்கி வைத்துவிடலாம். ஒருத்தியாகத் தூக்கித் தலையில் ஏற்ற முடியாது. அதனால் சாலையோரம் இறக்கியவள் கட்டின் நிழலில், அதற்குப் பின்னால், முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். அந்த வழியாக நடந்து வரும் மலைக்காரர் யாராக இருந்தாலும் கேட்காமலே ஒரு கை கொடுத்துத் தூக்கி விடுவார். தூக்கி விடாமல் தாண்டிப் போகிற வழக்கம் மலையில் இல்லை.

"இருவத்திரண்டு வருசமா போறீங்களே பாய், ஒரு கட்டையாச்சும் தூக்கி வுட்டு கீறீங்களா?"

இல்லை. வழி நெடுகக் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஆள் இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்கு வாய் நீளும். "நானே பைக்ல கூட்டிட்டுப் போறேன், படம் எடுத்துக் காட்டு" என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். நான் கடையைப் பூட்டிவிட்டு அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போளூர் சாலையில் போனேன். இறக்கி வைத்த கட்டு ஒவ்வொன்றையும், கார் பார்க்கிற மாதிரி, தூரத்திலிருந்து முதலில் படம் எடுத்தாள். பிறகு பின்னால் போய் ஒரு படம். உட்கார்ந்திருந்த பெண்கள் வெட்கப்பட்டார்கள், திட்டினார்கள். ஒருத்தி தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள். படம் முடிந்ததும் பிரியதர்ஷினி கட்டைத் தூக்கி விட்டாள். என் முதுகுக்கு ஆகாது என்று சொல்லி நான் பைக்கை விட்டு இறங்காமல் கணக்கு எழுதினேன்.

மூன்று மணிக்குள் பதினாறு கட்டு, பதினாறு ஆள். பதினேழாவது கட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. அரை மணி நேரம் நின்றோம். ஒருத்தரும் வரவில்லை.

"இத அழிச்சிடு. பதினாறு போதும்" என்றேன்.

"அழிச்சா மீதி பதினாறும் பொய்யாப் போய்டும் பாய்." முகம் வாடிவிட்டது அவளுக்கு. நாளைக்கு வேலை போகப் போகிறது, அதற்கு நாமே சாட்சி எடுத்துக் கொடுத்தோமே என்று நான் என்னையே நொந்துகொண்டேன். அவள் மைல் கல்லின் மேல் உட்கார்ந்து பதினேழாவது படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு முதல் படத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"சும்மாடு!" என்று கத்தினாள். "பாய், சும்மாடு!"

தலைக்கும் கட்டுக்கும் நடுவில் சுருட்டி வைக்கிற துணி அது. கட்டை இறக்கி உட்காருகிறவள், வியர்வை காயட்டும் என்று அதைப் பிரித்துக் கட்டின் மேலேயே போடுவாள். கட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவள் துணியைக் கையோடு எடுத்துப் போவாள். பதினாறு படத்திலும் கட்டின் உச்சியில் சிவப்போ நீலமோ ஒரு துணி. பதினேழாவதில் துணி இல்லை. பத்து வயதிலிருந்து தானே செய்ததுதான். ஆனால் அதுதான் அடையாளம் என்று அந்த மைல் கல்லில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் மதியம் பெங்களூரிலிருந்து ஷாஹீன் மேடம் வீடியோவில் வந்தார். மார்க் போடுகிறவர் அவர்தான். நகல் எடுக்க வந்த இரண்டு பேரைக் கடையில் நிற்க வைத்துவிட்டு நானும் மாடிக்கு ஏறினேன்.

"பிரியதர்ஷினி, கேமராவுக்கு ஆள் தெரியல. தெரியாததை மெஷினுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" என்றார்.

"தெரியுது மேடம். மேல துணி பாருங்க. துணி இருந்தா ஆள் கீறாங்க. இந்தக் கடசி படத்துல துணி இல்ல, ஆளும் இல்ல. இதையும் நான் ஆளுன்னுதான் போட்டிருப்பேன். அது என் தப்பு. புதர்னு போட்டது உங்க தப்பு."

கோகுல்ராஜ் தலையில் கை வைத்துக் கொண்டார். ஷாஹீன் மேடம் பதினேழு படத்தையும் மறுபடி காட்டச் சொன்னார். பார்த்து முடித்துவிட்டு, விதியை மாற்றுவது தன் கையில் இல்லை, மேலே அனுப்புகிறேன் என்றார். நூற்று நாற்பதில் துணி இல்லாத ஒன்பதை மட்டும் பிரியதர்ஷினி திருத்தினாள். மற்றதைத் தொடவில்லை. ஐந்து மணிக்கு லாகின் மூடிக்கொண்டது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே கூட இல்லை.

டிபன் பாக்ஸோடு கீழே வந்தவள், "திங்கக்கிழம வர்றேன் பாய்" என்றாள்.

"லாகின்தான் இல்லியேம்மா?"

"நாற்காலி கீதில்ல?"

வந்தாள். மூடிய கணினி முன்னால் ஒன்பது வேலை நாள் உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து நடந்து வரும் வழியில் எடுத்த படங்களை நாள்தோறும் பெங்களூருக்கு அனுப்பினாள். மொத்தம் எழுபத்திரண்டு கட்டு. எழுந்து போகச் சொல்ல கோகுல்ராஜுக்கு மனசு வரவில்லை. எனக்குத்தான் பயம். ஷூ கம்பெனிக்கு விண்ணப்பம் நிரப்ப என் கடைக்கே வந்து நிற்பாளோ என்று தினமும் பயந்தேன்.

பத்தாம் நாள் புது விதித்தாள் வந்தது. என் கடையில்தான் பதினோரு நகல் எடுத்தார்கள். நாற்பத்து மூன்றாவது வரி: 'சாலையோரச் சுமை, மேலே துணி: ஆள் இருக்கலாம். வேகம் குறைக்கவும். அந்தப் பக்கம் ஒதுங்கக் கூடாது.' லாகின் திறந்தது. புதர் என்று போட்ட பழைய கட்டுகளையெல்லாம் தேடித் திருத்துவதுதான் அவளுக்கு முதல் வேலை. நாலாயிரத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

அந்தச் சனிக்கிழமை ஆலங்காயம் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். நாலாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு சாமைத்தாள் கட்டு. மேலே பச்சைத் துணி. தாண்டிப் போனவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினேன்.

கட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தாள். என்னைத் தெரியும் போலிருக்கிறது. எத்தனை சனிக்கிழமை பார்த்திருப்பாளோ.

"இன்னா பாய், வண்டி ரிப்பேரா?"

"இல்லம்மா" என்று ஹெல்மெட்டைக் கழற்றினேன். "தூக்கி வுடலாம்னு."