வைனுக்குக் காற்றுக் காட்டும் சாமான்

என் கணவர் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் பார் ஸ்டூவர்ட்டாக இருந்தவர். சண்டை மூண்டு வெளிநாட்டுக்காரர் வரத்து நின்றதும் ஹோட்டலைப் பூட்டினார்கள். அவர் வீட்டோடு இருந்தார். நான் துறைமுகப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்து வந்தேன். அவருடைய தொழில் என்று மிஞ்சியது வருடத்துக்கு ஒரு வேலைதான்: நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வைன் போடுவது. எங்கள் வேதக்காரச் சனத்தில், நத்தாருக்கு வருகிறவர்களுக்குக் கேக் துண்டும் சின்னக் கிளாஸில் வைனும் கொடுக்காவிட்டால் அது நத்தாரே இல்லை. முந்திரிகை வத்தலும் சீனியும் ஈஸ்டும் போட்டு, சாடியின் வாயைத் துணியால் கட்டிக் குசினி மூலையில் வைப்பார். பிறகு நிறைமாதக்காரியைப் பார்க்கிறதுபோல அதைப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போத்தலைத் திறந்ததும் அந்த வைன் மூக்கில் அடிக்கும். நெடி தணியக் காற்றுப் பட வேண்டும். முன்பெல்லாம் இரண்டு ஜக் எடுத்து, ஒன்றை உயரத் தூக்கி ஆற்றுவார். "பெரிய ஹோட்டல் ஸ்டூவர்ட், கடைசியில தேத்தண்ணிக் கடைதான்" என்று நான் பகிடி பண்ணுவேன். ஆமி ஊரை மறித்துத் தேடிய ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்த் துவக்குப் பிடியால் அடித்துவிட்ட பிறகு, அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. ஆற்றுவதும் அதோடு நின்றது. இன்னொரு முறை பிடித்தால் இந்த மனிதன் திரும்பி வரமாட்டார் என்ற பயம் அன்றிலிருந்து எனக்குள் குந்திக்கொண்டது.

அவருடைய தங்கச்சி பாரிஸில் இருக்கிறாள். எனக்கு மச்சாள். ஒருநாள் அங்கே கடையொன்றில் நின்றபடியே ஃபோன் எடுத்தாள். வைனுக்குக் காற்றுக் காட்டவென்று கையடக்கமான சாமான் விற்கிறதாம், கொழும்புக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடலாமாம். மூன்று விதம் இருந்தது. ஒன்று பற்றறியில் வேலை செய்வது. பொத்தானை அமத்தினால் தானே வைனை இழுத்து ஊற்றும். இன்னொன்று போத்தல் வாயில் செருகுகிற சில்வர் குழாய். மற்றது கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக். கிளாஸுக்கு மேலே கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் ஊற்ற, பக்கத் துளைகளால் காற்றை உறிஞ்சும்.

அவர் யோசிக்கவே இல்லை. "சில்வரை எடு தங்கச்சி. ஒரு கையாலேயே ஊத்தலாம். கழுவ லேசு, உடையாது. பற்றறிச் சாமான் வைன் தெரியாதவனுக்கு." அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம்! பாருக்குப் பின்னால் நின்று கதைக்கிற குரல்.

நான் ரிசீவரைப் பறித்தேன். "மச்சாள், சில்வர் வேண்டாம். துளை போட்ட குழாயை ஆமிச் சென்றியில மறிச்சால் என்னெண்டு சொல்லிக் காட்டுறது? பற்றறி வைச்சது பேச்சுக்கும் வேண்டாம். அந்தத் தெளிஞ்சதை வாங்குங்கோ. உள்ளுக்க ஒண்டுமில்லை எண்டு பாக்கிறவனுக்குத் தெரியோணும்."

"அதுக்கு ரெண்டு கையும் வேணும்" என்றார் அவர். "என்ர கை ஏலாது எண்டு உமக்குத் தெரியாதே?"

"நான் பிடிக்கிறன்."

"நான் வைன் குடிக்கிறதுக்கும் சென்றியில நிக்கிறவனைக் கேக்கோணுமோ?"

"ஓம், கேக்கத்தான் வேணும்."

சில நாள் அவர் எனக்கு முகம் கொடுக்கவில்லை. எனக்கும் கோபம்தான், ஆனால் அவர்மேல் இல்லை. அந்தக் காலத்தில் பிடித்திருக்கிறதென்று நாங்கள் எதையும் வாங்கவில்லை. சந்தேகம் வருமென்று பச்சைத் துணியில் சட்டை தைக்கவில்லை. பெரிய டோர்ச் வாங்கவில்லை. நத்தார்க் கேக்கைக்கூடத் துண்டுபோட்டுத்தான் அயலூருக்குக் கொண்டுபோவோம். முழுக் கேக்கைக் கண்டால் உள்ளே குண்டோ என்று சென்றியில் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். என்ன பிழைப்போ!

அவரே கொழும்புக்குப் போய், மச்சாள் கொடுத்துவிட்ட ஆளிடம் அந்தத் தெளிந்த சாமானை வாங்கிவந்தார். அவர் வந்து சேரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கியபோது, ஒரு ஆமிக்காரன் அதைக் கையில் எடுத்து வெயிலுக்குப் பிடித்து, இது என்னவென்று சிங்களத்தில், "மொக்கத மே?" என்று கேட்டானாம். இவர் "வைன்" என்று சொல்லி ஊற்றுவதுபோல் காட்ட, அவன் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். "பாத்தீங்களோ" என்றேன். "ஓமப்பா, நீர் கெட்டிக்காரி" என்றார்.

நத்தாருக்குக் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். நான் அதைப் பிடிக்க, அவர் இடது கையால் ஊற்றினார். கொறகொறவென்று சத்தம் போட்டது. பாதி என் விரல்களில் வழிந்தது. மணந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, "பரவாயில்லை, சில்வர் எண்டால் இன்னும் நல்லம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தை மாதம் ஒரு காலை தலைமயிர் வெட்டப் போனார். சாரமும் சேட்டும், சேட்டுப் பையில் அடையாள அட்டை. சலூன் வாசலில் இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வானில் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். சலூன்காரர் ஓடிவந்து சொன்னார். கொண்டுபோனவர்கள் ஆர் என்று அவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் போய்க் கேட்காத இடமில்லை. அவர் திரும்பி வரவேயில்லை.

வீட்டுக்கு வந்த சனமெல்லாம் முதலில் ஒன்றைத்தான் கேட்டது: "கையில என்ன கொண்டு போனவர்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் இல்லை என்றேன். பை? இல்லை. கைஃபோன்? அதுவும் மேசையில்தான் கிடந்தது. அவர்கள் முகத்தில் பயம் ஏறுவதைப் பார்த்தேன். அவர் ஏதாவது கொண்டுபோயிருந்தால், தங்கள் வீட்டுக்குப் போய் அதே சாமானை ஒளித்து வைத்துவிட்டு ஆறுதலாக இருந்திருப்பார்கள்.

மச்சாளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கேட்பதற்கு முன்பே, "கையில ஒண்டும் வைச்சிருக்கேல்லை மச்சாள், வெறுங்கையோடதான் போனவர்" என்றேன்.

"அப்ப ஏன் பிடிச்சவங்கள்?" என்று கேட்டாள்.

அவள் ஊரை விட்டுப் போய் நெடுங்காலம். இங்கே ஒருவரும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை, கையில் என்ன என்றுதான் கேட்டார்கள். நானும் எங்கே என்றுதான் கேட்டுத் திரிந்தேன், ஏன் என்று ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் ஓவென்று அழுதேன்.