மெழுகுக்குள் நிற்கும் மயில்

நடன வகுப்பு முடிந்து வந்த என் பேத்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். "அம்மம்மா, பிலோமினா அன்ரி போயிட்டா." வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் அக்காவின் செத்தவீட்டுக்கு ஓட்டோ பிடித்தோம்.

துணியில் மெழுகால் வரைந்து சாயம் தோய்க்கும் பிலோமினா அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆடும் பெண்களைத்தான் வரைவார். "காலைப் பார்க்காத தங்கச்சி. சேலை எங்க போகுதெண்டு பார். ஆட்டம் அங்கதான் இருக்கு" என்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். படம் பார்க்க எனக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை.

அவருடைய கடைசித் துணியில் ஆடுவது என் பேத்தி. பெருமைக்குத்தான் சொல்கிறேன். படத்தில் அவளுக்கு என் அம்மாவின் கூறைச்சேலையை உடுத்திவிட அக்கா ஆசைப்பட்டார். அந்தச் சேலை எங்கள் வீட்டோடு எரிந்துபோனது. ஒரு போட்டோகூட இல்லை. கரையில் மயில் இருந்தது என்றேன்.

"உடுத்தினா அது எந்தப் பக்கம் பார்க்கும்?"

கட்டில் விரிப்பைச் சுற்றிக்கொண்டு நடந்து காட்டினேன். "ஐயோ, கலியாணப் பொம்பிளை! மாப்பிள்ளை எங்க?" என்று சிரித்துச் சிரித்து இருமினார். ஆனால் மயில் சரியாக வந்தது. கழுத்தைத் திருப்பி முந்தானையைப் பார்க்கும் அதே மயில்.

மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. துணி முழுவதும் மஞ்சள் தோய்த்து, பேத்தியையும் மயிலையும் மெழுகால் மூடியிருந்தார். மிச்சம் சிவப்பு மட்டும். அதில் தோய்த்து மெழுகை எடுத்தால்தான் இரண்டும் மஞ்சளாய் வெளியே தெரியும்.

சவப்பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று அவருடைய மருமகள் அந்தத் துணியை மரச்சட்டத்திலிருந்து கழற்றி, பட்டுச்சேலை போல மடித்து அலுமாரியில் வைத்திருந்தாள். "கவனமா மடிச்சு வச்சேன் அன்ரி. உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க மாமி."

விரித்தேன். மெழுகு நொறுங்கும் சத்தம் கேட்டது. பேத்தியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு, மயிலின் கழுத்தில் இன்னொன்று. அழுது வீங்கிய முகத்தோடு நின்ற அந்த மருமகளை ஏச எனக்கு வாய் வரவில்லை.

தோய்த்தால் வெடிப்புகளில் சிவப்பு இறங்கிவிடும். தோய்க்காவிட்டால் அம்மாவின் சேலைக் கரை ஒருவர் கண்ணிலும் படாது. கேட்க வேண்டிய ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

வெடிப்பை மறுபடி மெழுகால் அடைக்கலாமா? அக்காவோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லுங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் துணிதான். இன்னொரு முறை இதை மடிக்க முடியாது. எங்கள் கட்டிலில் விரித்து வைத்திருக்கிறேன். பேத்தியும் நானும் தரையில் படுக்கிறோம்.